மூன்று தட்டு

என் குரல் போனது ஒரு மத்தியான நேரத்தில். சாப்பாட்டு இடைவேளை முடிந்து லைன் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. எனக்குச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ஐஸ் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வழக்கம்போல "ஏ புள்ளைகளா, கை ஓடட்டும்!" என்று கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முக்கிப் பார்த்தேன். அப்போதும் காற்றுதான். எதிரே ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருந்த பெண் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து மாஸ்க்குக்குள் சிரித்தாள்.

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்கிற கம்பெனி அது. 2007-இல் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பையோடு வந்து ஆபரேட்டராகச் சேர்ந்தவள் நான். சில வருஷத்தில் லைன் லீடர் ஆக்கினார்கள். என் படிப்பைப் பார்த்து ஆக்கவில்லை, தொண்டையைப் பார்த்து ஆக்கினார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இடத்தில் வளர்ந்தவளுக்கு மெதுவாகப் பேச வராது. சூப்பர்வைசர் சார் ஒரு தடவை எல்லார் முன்னாலும் சொன்னார்: "இவ வாய் இருக்கிற வரைக்கும் என் லைன் நிக்காது." அதைப் பாராட்டு என்று நினைத்து அன்றைக்கெல்லாம் பூரித்துப்போய் அலைந்தேன் பாருங்கள், அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல!

லைன் லீடர் வேலை என்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாற்காலி கிடையாது. ஒவ்வொரு மணி நேரமும் எத்தனை போன் வெளியே வந்தது என்று போர்டில் எழுத வேண்டும். குறைந்தால் சார் என்னிடம் வருவார், சாருக்கு மேலே இருப்பவர் சாரிடம் வருவார். நான் பெண்களிடம் போவேன். யாராவது பாத்ரூம் போனால் அவள் இடத்தில் நான் உட்கார்ந்து ஸ்க்ரூ போட்டுக்கொண்டே மற்றவர்களை விரட்ட வேண்டும். ஏசுவதற்கும் கெஞ்சுவதற்கும் ஒரே குரல்தான். அதை ஷிப்டு முழுக்கச் செலவழித்துவிட்டு, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் "தள்ளி உக்காருங்க" என்றால்கூட எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு முன்பே உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் கேட்கவில்லை. வயிறு எரிந்தது, அதற்கு மாத்திரை போட்டேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, தண்ணீர் சரியில்லை என்றேன். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று ரூம்மேட் சொன்னாள், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கிக் குடித்தேன். தீபாவளிக்கு எடுத்த சேலை பொங்கலுக்கும் பிரிக்கப்படாமல் கவரோடு கிடந்தது. கட்டிக்கொண்டு எங்கே போவது, யாருக்காகப் போவது என்று ஒரு சலிப்பு. லீவு நாளில் பகல் முழுக்கப் படுத்துக் கிடப்பேன். எழுந்தால் படுத்ததைவிடக் களைப்பாக இருக்கும். இதற்கெல்லாம் ஒரே காரணம்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கிற எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

குரல் போன அன்றைக்கு நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரம் நான் ஒரு வார்த்தைகூடக் கத்தவில்லை. கையை ஆட்டி, தலையை ஆட்டி, ஊமைப் படம் காட்டிக்கொண்டு லைனோரம் நடந்தேன். மணி ஆனதும் போர்டில் எழுதப் போனால், டார்கெட் வந்திருக்கிறது! நான் கத்தாமலே வந்திருக்கிறது. குரல் போனதைவிட அதுதான் என்னை அன்று அதிகமாகக் கலங்கடித்தது. அப்படியானால் இத்தனை வருஷம் யாருக்காகக் கத்தினேன்?

முதலில் எல்லாரும் தொண்டைக்கட்டு என்றுதான் நினைத்தோம். நாங்கள் குடியிருந்த வீட்டுக்கார அக்கா ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தண்ணீர் பிடிக்க வந்த என்னைப் பார்த்து, "இன்னாமே, ரெண்டு நாளா வாயே தொறக்க மாட்ற? எங்கூட கோவமா?" என்றார். தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "ஐயே, கண்ணு பட்டுக்கீது! அவ்ளோ பெரிய சத்தம், அப்டியே பூட்ச்சா?" என்று சொல்லி, சாயங்காலம் உப்பும் மிளகாயும் கொண்டுவந்து சுற்றிப் போட்டார். ரூம்மேட் மிளகு ரசம் வைத்தாள். சித்தரத்தை மென்றேன், அதிமதுரம் மென்றேன், தேனில் குழைத்து என்னென்னவோ நக்கினேன். வாய்தான் மணத்தது.

ரூம்மேட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. ராமநாதபுரம் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், என் லைனிலேயே டிஸ்ப்ளே பொருத்துகிறவள். பகலில் நான் அவளை ஏசுவேன், ரூமுக்கு வந்து அவள் வைத்த குழம்பை ஊற்றிச் சாப்பிடுவேன். அவளும் அதை மனசில் வைத்துக்கொள்ள மாட்டாள். "அது லைன் அக்கா, இது ரூம் அக்கா" என்பாள்.

கம்பெனி டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். சரியாகவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகச் சொன்னார்கள். காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் என் நாக்கைப் பிடித்து இழுத்து, கேமரா விட்டுப் பார்த்தார். "எல்லாம் நல்லா இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா" என்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த "ஒண்ணுமே இல்ல" எனக்கு முன்னால் பஸ் ஏறி கம்பெனிக்குப் போய்விட்டது. மறுநாள் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாராமே. இங்க ஆடிட் வருது, நீ என்ன நடிக்கிறியா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். நாலு தெரு கேட்கிற மாதிரி கிழித்திருப்பேன். எதை வைத்துக் கிழிப்பது? வாயைத் திறந்து திறந்து மூடினேன், மீன் மாதிரி. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அந்த அவமானம் இன்னும் எனக்கு ஆறவில்லை. மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரூமுக்கு வந்து படுத்தேன்.

வேலையைக்கூட விடுங்கள். எனக்குப் பெரிய கவலை வேறொன்று. அம்மா.

அம்மா ஊரில் தனியாக இருந்தாள். பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது, போனில் எண்கள் மட்டும் அடையாளம் தெரியும். எங்கள் லைனில் ஓடிய மாடலையே, டார்ச் லைட் வைத்தது, வாங்கிக் கொடுத்திருந்தேன். மெசேஜ் அனுப்பி என்ன பிரயோசனம்? எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது என் குரல் ஒன்றுதான். தினமும் பேசுவோம். தினமும் ஒரே பேச்சுதான். "நல்லாருக்கியாட்டி?" என்பாள். "நல்லாருக்கேன்ம்மா, நீ?" என்பேன். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். வயிறு எரிந்த நாளிலும், பாத்ரூமில் நின்று அழுதுவிட்டு வந்த நாளிலும் நான் சொன்னது அதே "நல்லாருக்கேன்"தான். யோசித்துச் சொல்கிற பதிலா அது, தன்னால் வாயில் வருவது.

முதல் சில நாள் ரூம்மேட் சமாளித்தாள். "அக்கா ஓ.டி.ல இருக்காக, அக்கா குளிக்கிறாக" என்றாள். எத்தனை நாளுக்கு ஒருத்தி குளிப்பாள்? அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எம் மவளுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லப் போறியா, நான் அங்க வரவா?" என்று ஒரு அதட்டல். ரூம்மேட் பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போனை என் காதில் வைத்தாள்.

"ஏட்டி," என்றாள் அம்மா. "சத்தம் வரலன்னா சவத்த விடு. வெரலு இருக்குல்லா? போனுல தட்டு. ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு. வெளங்குச்சா?"

நகத்தால் போனைத் தட்டினேன். ஒரு தட்டு.

"கேக்கு, கேக்கு! சாப்ட்டியா?"

ஒரு தட்டு.

"என்ன சாப்ட்ட?"

என்னத்தைத் தட்டுவது? சும்மா இருந்தேன். "என்னட்டி பேச்சையே காணோம்?" என்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகுதான் அவளுக்கே உறைத்து, "சோறா?" என்று கேட்டாள். இப்படியாக நாங்கள் பேசத் தொடங்கினோம். பக்கத்து வீட்டுச் சண்டை, ரேஷன் கடைக்காரன் அடாவடி எல்லாம் அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவாள். நடுநடுவே "இருக்கியா?" என்பாள். நான் தட்டுவேன். "நல்லாருக்கியா?" என்பாள். அதற்கும் ஒரு தட்டு. வாயால் சொன்ன அதே பதிலை இப்போது விரலால் சொன்னேன், அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்து டாக்டர் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு மேடத்திடம் அனுப்பியிருந்தார். துணைக்கு ரூம்மேட் வந்தாள். அந்த மேடம் என்னிடம், "இருமுங்க" என்றார். இருமினேன். நல்ல கனமான சத்தம். "கேட்டீங்களா? அது உங்க குரல்தான். எங்கயும் போகல" என்றார். இன்னொரு தடவை இருமிப் பார்த்தேன். "இது நடிப்பு இல்ல, யாரு சொன்னாலும் நம்பாதீங்க. தாங்க முடியாத அளவுக்குப் போனா உடம்பே ஏதாவது ஒண்ண நிறுத்திடும். உங்களுக்குக் குரலை நிறுத்தியிருக்கு. சரி, சிரிக்கும்போது சத்தம் வருதா?"

நான் ரூம்மேட்டைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். குரல் போனதிலிருந்து நான் சிரிக்கவில்லை. அது பரவாயில்லை. குரல் போவதற்கு முன்னால் கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்தேன், அதுவும் ஞாபகம் வரவில்லை. கூடவே படுத்து எழுகிறவளுக்கும் ஞாபகம் வரவில்லை. "அக்கா சிரிக்க மாட்டாக, மேடம்" என்றாள், என் ஊர் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

"சிரிப்பு வந்தா அதப் பிடிச்சுக்கலாம். அதுலேருந்து 'ம்'முனு இழுக்கலாம், அப்புறம் 'ஆ', அப்புறம் வார்த்தை" என்று மேடம் சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம். சிரி என்றால் சிரிப்பு வருமா? ரூம்மேட் படாத பாடு பட்டாள். சாரைப் போல இடுப்பில் கை வைத்து நடந்து காட்டினாள். டிவியில் காமெடி வைத்தாள். விலாவில் கிச்சுகிச்சு மூட்டி என்னிடம் அடி வாங்கினாள். வீட்டுக்கார அக்காவும் தன் பங்குக்கு வந்து, தன் புருஷன் குடித்துவிட்டு அடுத்த வூட்டுக் கதவைத் தட்டிய கதையைச் சொன்னார். சொல்லி முடித்து அவரேதான் சிரித்தார். நான் உதட்டை மட்டும் இழுத்துக் காட்டினேன், மரியாதைக்கு.

ஒரு வாராந்திர லீவில் ரூம்மேட் என்னைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அங்கன யாரும் இருக்க மாட்டாக, கத்திப் பாருங்க" என்றாள். சாயங்கால வெயில். ஏரி நிறையத் தண்ணீர், நல்ல காற்று. கத்திப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. போய் உட்கார்ந்தேன். அவள் சுண்டல் வாங்கப் போனாள். அப்போது அம்மாவின் போன் வந்தது.

வழக்கமான கதைகள். பிறகு வழக்கமான கேள்வி. "நல்லாருக்கியாட்டி?"

ஒரு தட்டு தட்ட விரலை எடுத்தேன். ஏனோ அன்றைக்குக் கை ஒப்புக்கொள்ளவில்லை. வாய் என்றால் பழக்கத்தில் சொல்லிவிடும். விரலுக்கு அந்தப் பழக்கம் இன்னும் முழுசாக வரவில்லை போல. தட்டினேன். ஒன்று. இன்னொன்று.

அம்மா மனசுக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "ஏட்டி, கணக்கு தப்பிட்டியா? ஒண்ணுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல. சரியாத் தட்டு, பாப்போம். நல்லாருக்கியா?"

மறுபடியும் ரெண்டு.

அம்மா மூச்சு விடுவது கேட்டது. "தெரியும்" என்றாள். "நீ நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொல்லும்போதெல்லாம் எனக்குத் தெரியும். கேட்டா நீ இன்னும் பொய் சொல்லுவியேன்னுதான் கேக்கல." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "வேலைய விட்டுட்டு வந்துருதியா?"

என்னத்தைத் தட்டுவது? ஒன்று தட்டினால் நாளைக்கே மூட்டை கட்ட வேண்டும். ஊருக்குப் போய் என்ன செய்வேன், பீடி சுற்றவா? ரெண்டு தட்டினால் மறுபடி அதே லைன், அதே போர்டு, அதே சார். ரெண்டுமே வேண்டாம். ரெண்டுமே வேண்டும். அம்மா காத்துக்கொண்டிருந்தாள். தட்டினேன். ஒன்று, ரெண்டு, மூன்று.

"மூணா? மூணுக்கு என்னட்டி அர்த்தம்? மூணுன்னு நாம பேசவே இல்லியே!" என்று அம்மா கத்தினாள். "கோட்டிக்காரி, நீ பாட்டுக்குப் புதுசு புதுசாத் தட்டுனா நான் எங்க போயிக் கேப்பேன்? வாத்தியாரு வீட்டுக்கா போவேன்?"

எங்கிருந்துதான் வந்ததோ. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி, நெஞ்சில் முட்டி, வெளியே வந்து விழுந்தது. சிரிப்புதான். கரகரவென்று, துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி. எனக்கே பயமாக இருந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் சேர்ந்துகொண்டது, அதற்கும் சத்தம் இருந்தது. சுண்டலோடு வந்த ரூம்மேட் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். போனுக்குள்ளே அம்மா, "கேக்கு! ஏட்டி, ஒஞ் சத்தம் கேக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள்.

மேடம் சொன்னபடி அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டேன். "ம்" வந்தது, "ஆ" வந்தது. வார்த்தைகள் வருவதற்கு இன்னும் நாள் ஆனது. வந்த குரலும் பழைய குரல் இல்லை, கொஞ்சம் தாழ்ந்துதான் வந்தது. வீட்டுக்கார அக்காவுக்கு அதில் ஏமாற்றம். "இன்னாமே, இவ்ளோ சுத்திப் போட்டும் பாதிதான் வந்துக்கீது" என்றார்.

அந்த மூன்று தட்டுக்கு அர்த்தம் 'தெரியல' என்று அம்மாவிடம் பிறகு சொன்னேன். "அதுவும் வேணும்தான்" என்று அவள் ஒத்துக்கொண்டாள். வேலையை விடுவதா வேண்டாமா என்பதற்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஓர் ஆளிடம் ஒப்புக்கொண்ட பிறகு யோசிக்க முடிந்தது. லீவு முடிந்து போய், சாரிடம் லைன் லீடர் வேண்டாம், டெஸ்டிங்கில் ஆபரேட்டராகவே உட்காருகிறேன் என்றேன். "மேல போனவ யாராச்சும் கீழ வருவாளா? திமிரா?" என்றார். "என்னால முடியாது சார்" என்றேன். கத்தாமல்தான் சொன்னேன். அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டதும் சார், "சரி, உக்காரு" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷிப்டு முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தது அவ்வளவு சுகமாக இருந்தது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. தூக்கம் திரும்பவே பல மாதம் ஆனது. நெருக்கடியான வாரங்களில் இன்றைக்கும் தொண்டை முதலில் கம்மும். முன்பு என்றால் சித்தரத்தையைத் தேடுவேன். இப்போது லீவு சொல்லிவிட்டு, கவரில் கிடக்கிற சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு எங்கேயாவது போவேன்.

அந்தக் கம்பெனியைப் பிறகு மூடிவிட்டார்கள். நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் இடத்துக்கு மாறினேன். புதிதாக வருகிற பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற வேலை, சின்ன அறை, சத்தம் போடத் தேவையில்லை. அங்கே ஒருநாள் டீ இடைவேளையில் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று வரும் என்றுதான் காத்திருந்தேன். வரவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்போது கேட்டது, பீடி இலை வெட்டுகிற கத்தரியால் போனில் தட்டுகிற சத்தம். டொக். டொக்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "ம்மா, தப்பாத் தட்டிட்டியா?" என்றேன்.

மறுபடியும் ரெண்டு.

இத்தனை வருஷம் அவள் சொன்ன "நல்லாத்தான் இருக்கேன்" அத்தனையும் ஒன்றாக வந்து நெஞ்சில் விழுந்தது. அதை நான் ஒரு நாளாவது நின்று கேட்டிருப்பேனா?

"நான் வரட்டாம்மா?"

ஒரு தட்டு. யோசிக்காமல், உடனே.

டீயை அப்படியே வைத்துவிட்டு லீவு சொல்லப் போனேன்.